தைரியத்துக்கு லேகியம் கிடையாது!

"டாக்டர் சார், பிராக்டிஸ்ல புலி மாதிரி ஆடறான். மேட்ச்னு வந்துட்டா எலியாயிடறான். மனசு தைரியமா இருக்கறதுக்கு ஏதாச்சும் லேகியம் இருந்தாக் குடுங்க. அடுத்த மாசம் டோர்னமென்ட் இருக்கு!"

பட்டுக்கோட்டைப் பக்கத்து கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கு, என் கிளினிக்குக்கு வந்திருந்தார் அந்த அப்பா. பக்கத்தில் பதின்மூன்று வயசுப் பையன். பின்னால் வேட்டி, துண்டோடு அவனுடைய தாத்தா. "என்ன தம்பி செய்யுது?" என்று பையனைத்தான் கேட்டேன். பதில் சொன்னது அப்பா. அடுத்த கேள்விக்கும் அப்பாதான். மூன்றாவதுக்கும் அவரே வாயைத் திறக்க, "நீங்க போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்களேன்" என்று வெளியே அனுப்பி வைத்தேன்.

அப்புறம்தான் பையன் பேசினான். "மேட்சுக்கு முதல் நாள் தூக்கம் வராது டாக்டர். காலையில சாப்பிட்டா வாந்தி வரும். ஆட ஆரம்பிச்சா சரியாயிடும். ஜெயிக்கப் போற மாதிரி வரும்போதுதான் கை விறைச்சுக்கும். சர்வீஸ் நெட்டுலயே போய் விழும். அப்போ அப்பா நிக்கிற பக்கம் பார்ப்பேன்..." அதோடு நிறுத்திக் கொண்டான்.

நாடி பார்த்தேன். நாக்கு, கண், வயிறு பார்த்தேன். வேறு இடத்தில் எடுத்த ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சுத்தமாக இருந்தன. நோய் என்று ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அவனைப் பார்த்ததும் வேறொரு பையன் ஞாபகத்துக்கு வந்தான். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் மன உறுதி என்பது டப்பாவில் அடைத்து விற்கிற சமாசாரம் இல்லை. அது பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கம் வர விடாமல் குறுக்கே நிற்பது, பெரும்பாலும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கும் பெற்றோர்தான். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

வயிறு ஏன் கலங்குகிறது?

பயந்தால் வாதம் கிளம்பும். அபானன் கீழே தள்ளும், வயிறு கலங்கும், கை நடுங்கும் என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அலோபதி டாக்டரைக் கேட்டால், 'அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைக்கு ஓடுகிறது, ஜீரணம் நின்று போகிறது' என்பார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே வயிற்றைத்தான்.

புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஓடுவதற்கும் மரம் ஏறுவதற்கும் சரி. பந்தை மெதுவாகத் தட்டி நெட்டுக்கு அந்தப் பக்கம் இறக்குவதற்கு விறைத்த கை உதவாது. டென்னிஸில் தோள் தளர்ந்திருக்க வேண்டும், மணிக்கட்டு இளகியிருக்க வேண்டும். அதனால்தான் கபடி ஆடுகிற பையனை விட டென்னிஸ் ஆடுகிற பையனை இந்த பயம் அதிகமாகப் படுத்துகிறது. இது கோழைத்தனம் இல்லை. உடம்பு தன் வேலையைத் தப்பான நேரத்தில் செய்கிறது, அவ்வளவுதான்.

தனி ஆளாய் ஒரு ஆட்டம்

கிரிக்கெட்டில் கூட பத்துப் பேர் இருக்கிறார்கள். டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் யார் இருக்கிறார்கள்? வெகு காலம் வரை ஆட்டத்தின் நடுவே கோச் வாயைத் திறக்கவே கூடாது என்று விதி இருந்தது. 2025-ல்தான் சர்வதேச அமைப்பு அதைப் பொதுவாகத் தளர்த்தியது.

இன்னொரு விஷயம், டென்னிஸுக்குக் கடிகாரம் கிடையாது. ஃபுட்பாலில் முன்னிலை வாங்கிவிட்டால் நேரத்தை ஓட்டிவிடலாம். இங்கே கடைசிப் பாயிண்டை எடுக்கும் வரை ஜெயித்தவன் ஜெயிக்கவில்லை, தோற்றவன் தோற்கவில்லை.

இதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கியவர். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1966-ல் டேவிஸ் கோப்பை, கல்கத்தாவில் பிரேசிலோடு ஆட்டம். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்துச் சமநிலை. கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே தாமஸ் கோச். அவர் இரண்டுக்கு ஒன்று என்று செட் கணக்கில் முன்னிலை. நாலாவது செட்டிலும் 5-2. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் இந்தியா அவுட்!

அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்று எடுத்தார். அடுத்ததை 6-2. இந்தியா முதல் முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது. மலை போன்ற உடம்போ, இடி போன்ற சர்வீஸோ இல்லாதவர் அவர். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். 2-5 என்கிற கணக்கை மொத்தமாகத் திருப்ப முடியாது. அடுத்த பாயிண்டை மட்டும்தான் ஆட முடியும்.

ஜெயிக்கும் நிலையிலிருந்து நழுவுவதும் சகஜம். 1981 விம்பிள்டன் கால் இறுதியில் நம் விஜய் அமிர்தராஜ், ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டார். சின்ன வயசில் நோஞ்சானாக இருந்தவர், உடம்பு தேறட்டும் என்று டென்னிஸில் சேர்க்கப்பட்டவர், உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களை நடுங்க வைத்தார். அந்த ஒரு தோல்வியை வைத்து அவரை யாராவது கோழை என்பார்களா? பதின்மூன்று வயசுப் பையனை மட்டும் ஏன் சொல்கிறோம்?

ரோஜர் ஃபெடரர் 2024-ல் ஒரு அமெரிக்கக் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜெயித்தாராம். ஆனால் பாயிண்ட் கணக்கில் பார்த்தால் 54 சதவீதம்தான்! அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே நூற்றுக்கு நாற்பத்தாறு பாயிண்டைத் தோற்றிருக்கிறார். அப்படியென்றால் தோற்பது டென்னிஸின் பாதி. தோற்ற பாயிண்டை உடனே கீழே போடத் தெரிந்தவன்தான் மிச்சப் பாதியை ஜெயிக்கிறான்.

வெளியே விடுகிற மூச்சு

கீழே போடுவது எப்படி? இங்கே எங்கள் சரக்கு கொஞ்சம் இருக்கிறது.

மனசைக் கையால் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடிக்கலாம். நம் காவிரிக் கரைத் திருவாவடுதுறையில் வாழ்ந்தவர் என்று மரபு சொல்லும் திருமூலர், மூச்சுக்குக் கணக்கே கொடுத்திருக்கிறார். உள்ளே இழுக்கிற பூரகம் 16 மாத்திரை. நிறுத்துகிற கும்பகம் 64. வெளியே விடுகிற ரேசகம் 32. பிள்ளைகளுக்கு இந்தக் கும்பகம் வேண்டாம். மூச்சை அடக்குவது குரு பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடியது அல்ல. நமக்கு வேண்டியது மற்ற இரண்டும். இழுப்பதைப் போல் இரண்டு பங்கு நேரம் வெளியே விடுவது. இன்றைய மருத்துவமும் இதை ஒத்துக்கொள்கிறது. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு குறைகிறது, இறுகிய தசை இளகுகிறது.

பயந்த பிள்ளையிடம் "நல்லா மூச்சை இழு" என்று சொல்கிறோமே, அது பாதி யோசனைதான். "நல்லா விடு" என்று சொல்லுங்கள். மூன்று எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். காலையில் எழுந்ததும் பத்து முறை, ராத்திரி படுக்கும்போது பத்து முறை. மேட்ச் அன்றைக்கு மட்டும் செய்தால் பலிக்காது. நாகஸ்வரக்காரர்கள் கச்சேரி அன்றைக்கா மூச்சுப் பழகுகிறார்கள்?

இருபத்தைந்து விநாடி வைத்தியம்

ஒரு பாயிண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே விதிப்படி 25 விநாடி வரை கிடைக்கும். பக்கம் மாறும்போது 90 விநாடி. ஒரு மணி நேர ஆட்டத்தில் பந்து நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் நடப்பது, துடைப்பது, நிற்பது. மனசு அலைவது அந்த இடைவெளியில்தான். அதை நிரப்பிவிட்டால் பாதி ஜெயம்.

அந்தப் பையனுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்.

ஒன்று: பாயிண்ட் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், நெட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பு. வேலிப் பக்கம் யார் முகத்தையும் பார்க்காதே. ராக்கெட் நரம்பைப் பார்.

இரண்டு: தோளைத் தொங்கவிட்டு, மெதுவாக இரண்டு மூச்சு வெளியே விடு.

மூன்று: அடுத்த பந்தை எங்கே போடப் போகிறாய் என்று ஒரே ஒரு இடத்தை முடிவு செய். 'டபுள் ஃபால்ட் போடக் கூடாது' என்று நினைக்காதே. அப்படி நினைத்தால் மனசு அதையே பிடித்துக்கொள்ளும். 'அந்த மூலை' என்று மட்டும் நினை.

நாலு: பந்தை எப்போதும் ஒரே எண்ணிக்கையில் தரையில் தட்டு. மூன்று என்றால் மூன்று. பிறகு ஆடு.

இதை மேட்ச்சில் போய் ஆரம்பிக்கக் கூடாது. தினசரி பிராக்டிஸில், ஒவ்வொரு பாயிண்டுக்கும் செய்ய வேண்டும். 'ஐந்துக்கு மூன்று, நீதான் சர்வீஸ்' என்று கணக்கு வைத்துக்கொண்டே பழக வேண்டும். கை விறைக்கிற கட்டம் நூறு தடவை வந்து பழகிவிட்டால், நூற்றி ஒண்ணாவது தடவை அது பெரிய விஷயமாகத் தெரியாது.

தூக்கம், சாப்பாடு, கண்ணீர்

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி பதினோரு மணி வரை செல்போன், காலை நாலரைக்கு பிராக்டிஸ் என்றால் மனசு எப்படி உறுதியாக இருக்கும்? மேட்சுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, வாழைப்பழம் போதும். 'தெம்பா இருக்கட்டும்' என்று நெய் ஊற்றிப் பொங்கல் வேண்டாம். நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் குறைந்தாலே எரிச்சல் வரும், புத்தி தடுமாறும். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம் இரண்டுமே நல்லது.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் மாதிரி அடக்கக் கூடாதவை. அந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது. தோற்றுவிட்டு வரும் பிள்ளையைப் பார்த்து "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று அதட்டுகிறோமே, அது நூலுக்கும் விரோதம், பிள்ளைக்கும் விரோதம். பத்து நிமிஷம் அழட்டும். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.

சரி, மருந்து?

வல்லாரைக்கும் அமுக்கராவுக்கும் எங்கள் மருத்துவத்தில் இடம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். உடம்பு இளைத்தவருக்கு, தூக்கம் கெட்டவருக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். ஆனால் 'சாப்பிட்டால் தைரியம் வரும், மேட்ச் ஜெயிக்கலாம்' என்று எவராவது விற்றால், அவர் என் தொழிலைச் சேர்ந்தவராகவே இருந்தாலும் நம்பாதீர்கள். போட்டியில் ஆடும் பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனையில் தடை செய்யப்பட்ட பொருள் அகப்பட்டால், 'மூலிகைப் பொடிதான் சாப்பிட்டேன்' என்ற சமாதானம் எடுபடாது. உடம்புக்குள் போனதற்கு ஆடுகிறவரே பொறுப்பு. பெயர் தெரியாத பொடி எதையும் வாயில் போடாதீர்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, யாரோடும் பேசுவதில்லை, 'உயிரோட இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் அது மேட்ச் பயம் இல்லை. தயங்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். உலக சாம்பியன்களுக்கே இது வருகிறது. ஜப்பானின் நவோமி ஒசாகா 2021-ல் பிரெஞ்சு ஓப்பன் போட்டியிலிருந்து பாதியில் விலகி, 2018 முதலே மனச்சோர்வோடு போராடுவதாக வெளிப்படையாகச் சொன்னார். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

அந்த இன்னொரு பையன்

'கண்டிக்காமல் எப்படி சார் முன்னுக்கு வருவான்? கிருஷ்ணனுக்கு அவர் அப்பா டி.கே.ராமநாதன்தானே கோச்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பேரன் ரமேஷ் கிருஷ்ணனுக்கும் அதே தாத்தாதான் கற்றுக் கொடுத்தார். அந்த ரமேஷ்தான் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போதைய உலகின் நம்பர் ஒன் மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அதற்கு இடம் பிராக்டிஸ் கோர்ட். ஆள் கற்றுக் கொடுப்பவர். தோற்று வருகிற பிள்ளைக்குக் காருக்குள் விசாரணைக் கமிஷன் வைப்பது பயிற்சியில் சேராது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே வைத்திருக்கிறேன்.

என் மகனும் டென்னிஸ் ஆடினான். பதினாலு வயசில் திருச்சியில் ஒரு போட்டி. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினேன். தோற்றான். திரும்பி வருகிற பஸ்ஸில் துவாக்குடியில் ஆரம்பித்தேன். எந்த கேமில் எந்த பந்தை விட்டான் என்று செங்கிப்பட்டி, வல்லம் தாண்டி வீடு வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் ராக்கெட் பரண் மேல் ஏறிவிட்டது. 'படிப்பில் கவனம் செலுத்தப் போறேன்' என்றான். நானும் நம்பினேன்.

அவனுக்கு வேலை கிடைத்து வெளியூர் போகும் சமயத்தில், பரணை ஒழித்தபோது அந்த ராக்கெட் கீழே வந்தது. "ஏன்டா விட்டே, நல்லாத்தானே ஆடினே?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னான். "டென்னிஸைப் பார்த்து எனக்குப் பயமே இல்லப்பா. திருச்சியிலேருந்து தஞ்சாவூர் வர்ற அந்த ஒன்றரை மணி நேரத்தை நினைச்சுத்தான் பயந்தேன்."

எத்தனையோ பேருக்கு நாடி பார்த்தவன் நான். என் பிள்ளையின் நாடி அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இதைத்தான் அந்தப் பட்டுக்கோட்டை அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அதுவரை பேசாமல் இருந்த தாத்தா வாயைத் திறந்தார். "வைத்தியரய்யா, 2018-ல கஜா புயல் அடிச்சப்ப ஒரே ராத்திரியில என் தோப்புல நூத்தி இருபது தென்னை சாஞ்சுது. இவங்கப்பன் திண்ணையில உட்கார்ந்து விழுந்ததை எண்ணிக்கிட்டு இருந்தான். நான் மண்வெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். எண்ணிக்கிட்டே இருந்தா குழி யாரு வெட்டுறது? இப்ப அதுல காய் பறிக்கிறோம்."

பையன் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தான். "இதுக்கு மேல நான் என்ன தம்பி சொல்ல?" என்றேன்.

பையனுக்கு மருந்து எழுதவில்லை. அப்பாவுக்குத்தான் சீட்டு எழுதினேன். ஆட்டம் முடிந்ததிலிருந்து மறுநாள் காலை வரை ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மூன்று கேள்விக்கு மட்டும் அனுமதி: 'தண்ணி குடிச்சியா? பசிக்குதா? வீட்டுக்குப் போலாமா?' பையனாக ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளலாம். வேலி ஓரத்தில் நின்று பார்க்கக் கூடாது. தூரத்தில் உட்கார வேண்டும்.

அடுத்த மாசம் அப்பா போன் செய்தார். "ரெண்டாவது ரவுண்டுல தோத்துட்டான் சார். ஆனா காலையில நாலு இட்லி சாப்பிட்டான், வாந்தி இல்ல. வரும்போது பஸ்ஸுல என் தோள் மேல சாஞ்சு தூங்கிட்டான். நானும் ஒண்ணும் கேட்கலை."

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் சார் இறங்கலை" என்றார். சரியாகிவிடும் என்று சொன்னேன். அவருக்கும் பழக வேண்டுமே!